ஏழாவது உறுப்பினரின் தொழில்

சங்கரன்கோவில் வட்டாரத்துப் பெருமக்களுக்கும், கரிசல்காட்டுக் குடியானவர்களுக்கும், தறி நெய்வோருக்கும், பீடி சுற்றும் தாய்மார்களுக்கும், இங்கே பெயர் சொல்ல விட்டுப்போன சகலருக்கும் இதனால் அறிவிக்கப்பட்டது என்னவென்றால்: 1983ஆம் வருடம் ஜூலை மாதம் பதினாலாம் தேதி வியாழக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு மேல் இந்த வட்டாரத்தில் சட்டம் தெரியாதவர் என்று ஒருவரும் இருக்க மாட்டார். அறியாமைக்குப் பத்து நாற்பத்து நாலு வரைதான் அனுமதி.

நோட்டீஸில் இதே வார்த்தைகள் இல்லைதான். ஆனால் படித்தவர்களுக்கு இப்படித்தான் புரிந்தது. ரோஸ் காகிதம், பச்சை மை. மேலே கொட்டை எழுத்தில் 'சங்கரன்கோவில் வட்டார சட்ட அறிவு வளர்ச்சிக் கழகம்'. கீழே கழகத்தின் நோக்கம் இரண்டு வரி. அதற்கும் கீழே முக்கால் பக்கத்துக்கு, நிர்வாகக் குழு உறுப்பினர்கள் ஏழு பேருடைய பெயரும் தொழில் அனுபவமும்.

ஏழாவது பெயர் சண்முகையா. அதற்கு நேரே 'நீதித்துறை அலுவலர், ஓய்வு' என்று இருந்தது.

சண்முகையா அந்த நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். டீக்கடையில் ஒரு தடவை, பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை, வீட்டுக்கு வந்து பனியனோடு உட்கார்ந்து ஒரு தடவை எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ஏழாவது வரியைத்தான் பார்த்தார். மற்ற ஆறும் அவருக்குத் தெரிந்ததுதான்.

முன்சீப் கோர்ட்டில் முப்பத்தோரு வருஷம் அவர் அமீனாவாக இருந்தார். சம்மனைக் கொண்டுபோய் உரியவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது வேலை. மேலநீலிதநல்லூர்ப் பக்கம், திருவேங்கடத்துப் பக்கம் என்று சைக்கிளிலும் டவுன் பஸ்ஸிலுமாக அலைந்த உடம்பு. தெருமுனையில் காக்கிச் சட்டையைக் கண்டதும் ஆம்பளைகள் பின்வாசல் வழியாகப் பருத்திக் காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள். கதவு சாத்தியிருக்கும். அவர் பையிலிருந்து பழைய பால்மாவு டப்பாவை எடுத்து, மைதா பசையை விரலால் வழித்து, சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டு, அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைச் சாட்சிக் கையெழுத்துக்குத் தேடுவார். அந்த இரண்டு பேரும் காட்டுக்குள்தான் இருப்பார்கள்.

அவர் வந்தால் வீட்டுக்கு ஆகாது என்று ஊர் முடிவு செய்திருந்தது. கல்யாணம், காதுகுத்து எதற்கும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். சொந்த மகள் கல்யாணப் பத்திரிகையில் 'கோர்ட் அமீனா' என்று போட வேண்டாம், 'அரசுப் பணி' என்று மட்டும் போதும் என்று சம்பந்தி வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். அவரும் அப்படியே போட்டார். அன்றைக்கு மண்டபத்தில் பந்தி பரிமாறிய ஒருவர் சண்முகையாவைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் காணாமல் போனது தனிக்கதை. பரிமாறியவர் மீது ஒரு பழைய வாரண்ட் இருந்தது.

இப்படிப்பட்டவரைத்தான் கழகத்தார் வீடு தேடி வந்து அழைத்தார்கள். காரணம் சாதாரணம். சங்கம் பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும். ஆறு பேர் இருந்தார்கள்.

கூட்டம் பாதுஷா போட்டோ ஸ்டூடியோவில் நடக்கும். கடையநல்லூர்க்காரரான பாதுஷாவும் ஒரு உறுப்பினர். அங்கேதான் மின்விசிறி நன்றாகச் சுற்றும். பின்னால் திரையில் மாளிகைப் படிக்கட்டும், ஒரு குளமும், அதில் இரண்டு அன்னமும் வரைந்திருக்கும். அதற்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து நிர்வாகக் குழு ஆறு கூட்டம் நடத்தியது. ஆறிலும் ஒரே பொருள்தான்: யாருக்கு என்ன தொழில் போடுவது.

தலைவர் காசிராஜனுக்கு ரைஸ் மில். 'அரிசி ஆலை உரிமையாளர்' என்று போட்டால் சட்டத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று ஜனங்கள் கேட்பார்கள் என்று அவருக்கே பட்டது.

"முப்பது வருஷமா கோர்ட்டுல ஏறி இறங்குதேன் வே. அது அனுபவம் இல்லையா?" என்றார்.

'முப்பதாண்டு நீதிமன்ற அனுபவம்' என்று எழுதிக்கொண்டார்கள்.

செயலாளர் ஜெயசிங் மெட்ராஸ் சட்டக் கல்லூரிக்குப் போய் வந்தவர். இப்போது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தார். "சட்டம் பயின்றவர்னு போடுங்க. முடிச்சவர்னு போட வேண்டாம்," என்றார். எதையும் நுணுக்கமாகப் பார்ப்பவர்.

கடைசியில் சண்முகையாவின் முறை வந்தது. "அமீனான்னே போடுங்க, அதுல என்ன?" என்றார் அவர். சொன்ன குரலில் பலம் இல்லை.

"என்னவே நீரு!" காசிராஜன் முகம் சுளித்தார். "மங்கல காரியம். நோட்டீஸைப் பாத்தாலே ஜப்தின்னு நெனச்சு ஓடிருவான். நீதித்துறை அலுவலர்னு போடும் ஜெயசிங். கோர்ட்டு நீதித்துறைதான? இவரு அங்கன அலுவல் பாத்தவருதான? பொய் ஒண்ணும் இல்லையே."

பொய் ஒன்றும் இல்லை. சண்முகையா இரண்டு தடவை தலையாட்டினார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில், கூப்பிடாத கல்யாணங்களையெல்லாம் அவர் மன்னித்துவிட்டார்.

*

பேச்சித்தாய் சம்மனோடு அவர் வீட்டுக்கு வந்தது அதற்கு அடுத்த வாரம். நாற்பத்தைந்து வயது, பீடி சுற்றும் பெண்; புருஷன் போய் எட்டு வருஷம். இரண்டரை சென்ட் இடத்தில் ஓட்டு வீடு. புது அமீனா வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் பழைய அமீனாதான்.

சண்முகையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். பக்கத்து வீட்டு வேல்சாமி பிராது கொடுத்திருக்கிறான். பேச்சித்தாயின் கொழுந்தன் அந்த இடத்தைத் தனக்குக் கிரயம் எழுதிக் கொடுத்துவிட்டானாம். அவள் வீட்டைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டுமாம்.

"செத்துப்போன எம் மாப்பிள்ள பேருல பத்திரம் இருக்கே அண்ணாச்சி. டிரங்குப் பெட்டிக்குள்ள."

"இருக்குல்லா? அப்போ பயப்படாத. ஒண்ணே ஒண்ணுதான் செய்யணும். வாய்தா அன்னைக்கு அங்கன போய் நிக்கணும். டவாலி ஒம் பேர மூணு மட்டம் கூப்பிடுவான். 'இருக்கேன்யா'ன்னு சொல்லிட்டு, வக்கீல் வைக்க டயம் வேணும்னு கேக்கணும். அம்புட்டுதான்."

"நிக்கலைன்னா?"

"ஆள் வரலைன்னு ஒருதலையா தீர்ப்பு எழுதிருவாக. வீடு வேல்சாமிக்குப் போயிரும்."

"என்னைக்கு வாய்தா?"

சண்முகையா தேதியைப் பார்த்தார். ஜூலை பதினாலு. வியாழக்கிழமை. காலை பத்தரை.

கழகத்தின் தொடக்க விழாவும் அன்றைக்குத்தான்; அதற்கு வேறு தேதி வைக்க முடியாது. பதினேழாம் தேதி ஆடி பிறந்துவிடும். ஆடியில் நல்ல காரியம் தொடங்க மாட்டார்கள். போதாததற்கு ஆடித் தபசுத் திருவிழா வந்துவிட்டால் ஊருக்குள் நிற்க இடம் இருக்காது. பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஆனியில் மிச்சமிருந்த ஒரே நல்ல நேரத்தைக் காசிராஜன் பிடித்துப் போட்டிருந்தார். அன்றைக்கு யாருக்காவது கோர்ட்டில் வாய்தா இருக்குமா என்று சட்ட அறிவு வளர்ச்சிக் கழகத்தில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அதோடு நின்றிருந்தால் பேச்சித்தாய் பாட்டுக்குக் கோர்ட்டுக்குப் போயிருப்பாள். ஆனால் அவளுக்கு ஒரு வக்கீல் ஏற்பாடு செய்து கொடுக்கக் கழகத்தில் கேட்டுப் பார்ப்போம் என்று சண்முகையா அவளை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனார். ஜெயசிங் அவளைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"முதல் பயனாளி!" என்றார். "தலைவரே, இவ்வளவு நாளும் மேடையில யாருக்குப் புத்தகம் குடுக்கதுன்னு தேடிக்கிட்டு இருந்தோம்லா? ஏழை, விதவை, கேஸும் இருக்கு!"

காசிராஜன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "தாயி, நல்ல சேலை இருக்கா?"

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் குழுவில் இருந்தார். 'சட்டம் அறிவோம்' என்ற நூலை அவர்தான் எழுதுவதாக ஏற்பாடு. முதல் பிரதியைப் பேச்சித்தாய் கையில் கொடுப்பது என்று அந்த இடத்திலேயே தீர்மானம் ஆனது.

"அன்னைக்கு அவளுக்கு வாய்தா," என்றார் சண்முகையா.

"எதுக்க தான வே கோர்ட்டு? விழா மண்டபத்துலேர்ந்து காறித் துப்புனா அங்கன போய் விழும். முதல் நிகழ்ச்சி புத்தகம். பத்து அம்பத்தஞ்சுக்கு அவ கையில. பதினொண்ணுக்கு நீரே கூட்டிட்டுப் போரும்."

சண்முகையா கோர்ட்டுக்குப் போய்ப் பழைய சிநேகிதரான பெஞ்ச் கிளார்க்கிடம் விசாரித்தார். பேச்சித்தாயின் கேஸ் லிஸ்டில் முப்பத்தோராவது. இந்த முன்சீப் ஒரு கேஸுக்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் எடுக்க மாட்டார். பத்தரைக்கு உட்கார்ந்தாலும் பதினொன்றரைக்கு முன்னால் கூப்பிட வழியில்லை. கணக்கு சரியாக இருந்தது.

"எங்கிட்ட விட்டுரு தாயி," என்றார் அவளிடம். "நான் 'எந்திரிச்சு வா'ன்னு சொன்னா வா. அதுவரைக்கும் உக்காரு. நான் இருக்கேன்லா."

*

மண்டபத்தில் நல்ல கூட்டம். சுண்டல் உண்டு என்ற செய்தி பரவியிருந்தது. வாசலில் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கர் கோர்ட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நீதித்துறையும் கேட்கட்டும் என்பது ஜெயசிங்கின் யோசனை.

பேச்சித்தாய் முன்வரிசையில், கல்யாணச் சேலையோடு, பத்திரம் சுற்றிய மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடையில் ஏழு நாற்காலி. ஏழாவதில் சண்முகையா. பட்டுக்கரை வேட்டி, மகள் கல்யாணத்துக்கு எடுத்தது.

கடவுள் வாழ்த்து முடிந்தது. புத்தகத்தைத் தட்டில் வைத்துக் கொண்டு வந்தார்கள். ஜிகினாத் தாள் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. காசிராஜன் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"குடுக்க ஆளு யாருன்னே ஜனங்களுக்குத் தெரியாம புத்தகத்தைக் குடுத்தா எப்படி? முதல்ல அறிமுகம்."

தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்தார். அறிமுகம் என்றால் நோட்டீஸில் உள்ளதை வாசிப்பது என்றுதான் சண்முகையா நினைத்தார். தலைமையாசிரியரோ, தலைவர் பிறந்த வீட்டில் அன்றைக்கு எரிந்த விளக்கிலிருந்து ஆரம்பித்தார். காசிராஜனுக்கு இருபது நிமிஷம் ஆனது. ஜெயசிங் படித்த கல்லூரியின் கட்டிடச் சிறப்பு எட்டு நிமிஷம். அதற்குப் பிறகு தலைமையாசிரியர் தம்மைத் தாமே அறிமுகப்படுத்திக்கொண்டார். அதை நிறுத்த யாராலும் முடியவில்லை.

பதினொன்று இருபதுக்குப் பேச்சித்தாய் மேடையை நிமிர்ந்து பார்த்தாள். சண்முகையா மணியைப் பார்த்தார். இன்னும் இரண்டு பேர் பாக்கி. அதற்குப் பிறகு அவர். எழுந்திருக்கலாம். எழுந்தால் ஏழாவது பெயரை வாசிக்கும்போது நாற்காலி காலியாக இருக்கும். லிஸ்டில் சில பேர் வாய்தா வாங்குவார்கள், சில வக்கீல்கள் இழுப்பார்கள், பதினொன்று நாற்பது ஆகும் என்று அவர் கணக்கைக் கொஞ்சம் நீட்டினார்.

கையை லேசாகத் தாழ்த்தி, இரு என்று காட்டினார்.

அவள் தலையாட்டிவிட்டுப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பதினொன்று முப்பத்தைந்துக்குத் தலைமையாசிரியர் ஏழாவது பெயருக்கு வந்தார். "நீதித்துறையிலே முப்பத்தோர் ஆண்டுகள் அலுவலராக வீற்றிருந்து…" என்றார். வீற்றிருந்து! சண்முகையா எழுந்து நின்றார். கைகூப்பினார். கூட்டம் கைதட்டியது. ஒரு காலத்தில் பருத்திக் காட்டுக்குள் ஓடிய ஆட்களில் இரண்டு மூன்று பேர் அங்கே உட்கார்ந்து கைதட்டியதைக் கண்ணால் பார்த்தார். பாதுஷாவின் பிளாஷ் மின்னியது.

அந்த நேரம் பார்த்து மைக் ஒரு தடவை இழுத்துக் கரகரத்துவிட்டு அடங்கியது. அந்த மௌனத்தில், ரோட்டுக்கு எதிர்ப்புறமிருந்து டவாலியின் குரல் தெளிவாக வந்தது.

"பேச்சித்தாயீ…"

மூன்று தடவை கூப்பிடுவதில் முதல் இரண்டும் மேலே ஏறி நிற்கும். மூன்றாவது, கடைசியில் கீழே விழும். முப்பத்தோரு வருஷம் கேட்ட காது அது. விழுந்தது.

"மூணாவது," என்றார் சண்முகையா. யாரிடம் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

மேடையை விட்டு இறங்க ஓடியவரைக் காசிராஜன் மேல்துண்டைப் பிடித்து நிறுத்தினார். "புத்தகத்தை வாங்கிட்டுப் போட்டும் வே. அதுக்குத்தான இவ்வளவும்?" பேச்சித்தாயை யாரோ மேடைக்கு ஏற்றியிருந்தார்கள். கேமராவோடு நின்ற பாதுஷாவைத் தவிர மற்ற ஆறு பேரும் அவளைச் சுற்றி நின்றார்கள். முதல் தடவை பிளாஷ் எரியவில்லை. "பல்பு மாத்திக்கிடுதேன், ஒரு நிமிஷம்," என்றார் பாதுஷா. இரண்டாவது தடவை அவள் கண்ணை மூடிவிட்டாள். மூன்றாவதில் படம் விழுந்தது.

அவர்கள் கோர்ட்டுப் படி ஏறியபோது வேல்சாமி கூண்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். சாட்சியம் முடிந்திருந்தது. சண்முகையா மூச்சு வாங்க முன்னால் போய் நின்று, "ஐயா, பிரதிவாதி வந்தாச்சு," என்றார். முன்சீப் தலை நிமிராமல், "மனுப் போடச் சொல்லுங்க," என்றார். அடுத்த கேஸைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வராண்டாவில் பேச்சித்தாய் ரிப்பன் கட்டிய புத்தகத்தோடு நின்றாள்.

"முடிஞ்சு போச்சா அண்ணாச்சி?"

எதிரே ஸ்பீக்கர் சரியாகிவிட்டது. நன்றியுரை ஓடிக்கொண்டிருந்தது.

*

ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்ய முப்பது நாளைக்குள் மனுப் போடலாம். வர முடியாமல் போனதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். சண்முகையா தன் கைப்படவே மனு எழுதினார். புதிதாகத் தொழிலுக்கு வந்த ஒரு வக்கீல் பையனைப் பிடித்துக் கையெழுத்து வாங்கி நாலாம் நாளே தாக்கல் செய்தார். தானே சாட்சி என்று அதில் போட்டார்.

வேல்சாமிக்கு வக்கீல் சங்கரபாண்டி. பெரிய வக்கீல். அவருடைய எதிர்மனு வந்தது. அதைச் சண்முகையா இரண்டு தடவை வாசித்தார். சங்கரபாண்டி ரோஸ் நோட்டீஸையும் ஒரு போட்டோவையும் இணைத்திருந்தார். போட்டோவை பாதுஷா ஸ்டூடியோவின் கண்ணாடி அலமாரியிலேயே எல்லோரும் பார்த்திருந்தார்கள்: பேச்சித்தாய், கையில் புத்தகம், சுற்றிலும் ஆறு பேர், பின்சுவரில் மண்டபத்துக் கடிகாரம். மணி பதினொன்று நாற்பத்தொன்று. எதிர்மனுவின் சாரம் இவ்வளவுதான்: கோர்ட்டுக்கு நேர் எதிரே, சட்டத்தில் பழுத்த ஏழு பேர் பக்கத்தில் இருக்க, பிரதிவாதி வராமல் இருந்தது அறியாமையால் அல்ல, வேண்டுமென்றே. மனுவைத் தள்ள வேண்டும்.

"அப்படீன்னா என்ன அண்ணாச்சி?" என்றாள் பேச்சித்தாய்.

"எங்க ஏழு பேருக்கும் சட்டம் தெரியும்னா ஒனக்கு வீடு கிடையாது."

"தெரியாதுன்னா?"

"கிடைக்கும்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் காசிராஜன் வந்தார், கூட ஜெயசிங். "கூண்டுல ஏறி என்ன சொல்லப் போறீரு?" என்றார் காசிராஜன்.

"நடந்ததச் சொல்லுதேன்."

"நோட்டீஸுல உள்ளது உண்மைன்னு மட்டும் சொல்லிட்டு இறங்கிரும். ஊருல நமக்குன்னு ஒரு மரியாத இருக்கு வே. ஒமக்கும் இப்பத்தான் வந்திருக்கு."

"உறுப்பினர் ஒருத்தர் விலகுனா மறுபடி ஏழு பேரு தேடணும் அண்ணாச்சி," என்றார் ஜெயசிங், உண்மையான வருத்தத்தோடு. "நோட்டீஸும் புதுசா அடிக்கணும்."

சண்முகையா இருவருக்கும் காப்பி கொடுத்து அனுப்பினார்.

*

கோர்ட்டில் அன்றைக்குக் கூட்டம் விழாவுக்கு வந்ததைவிடக் கொஞ்சம் அதிகம். சுண்டல் இல்லாமலே வந்திருந்தார்கள். காசிராஜன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

சங்கரபாண்டி நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு, சாவகாசமாகத் தொடங்கினார். "இதில் கண்ட கழகத்தில் நீங்கள் உறுப்பினர்தானே?"

"ஆமாய்யா."

"தலைவர் திரு. காசிராஜன். முப்பதாண்டு நீதிமன்ற அனுபவம். சரிதானே?"

"சரிதான்யா. பத்தொம்பது கேஸு. எல்லாத்துலயும் அவரு பிரதிவாதி. எட்டுக்கு நாந்தான் சம்மன் கொண்டு போனேன். ஆறு மட்டம் கதவுல ஒட்டுனேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். டவாலி 'உஸ்' என்றான்.

"செயலாளர், சட்டம் பயின்றவர்…"

"பயின்றாரு. ரெண்டு வருஷம். ரெண்டு வருஷமும் பெயிலு. இப்போ டைப் சொல்லிக் குடுக்காரு. அத நல்லா சொல்லிக் குடுப்பாரு."

"பாதுஷா என்பவர் ஆவணத் துறை நிபுணர் என்று…"

"பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுப்பாரு. துபாய்க்குப் போற ஆளுகளுக்கு."

சங்கரபாண்டி கொஞ்சம் வேகத்தைக் கூட்டினார். அதனால் பயன் இல்லை. 'வழக்கறிஞர் சமூகத்துடன் நெருங்கிய தொடர்புடையவர்' என்பவர் ஜவுளிக்கடைக்காரர். வக்கீல்மாருக்குக் கருப்புக் கோட்டுத் துணி விற்றிருக்கிறார். "ஐயா போட்டிருக்கதும் அங்க எடுத்ததுதான்," என்றார் சண்முகையா. 'நீதிமன்ற மருத்துவ அனுபவம்' கொண்ட சித்த வைத்தியர் ஒரே ஒரு அடிதடி கேஸில் சாட்சியாக வந்து, வந்த இடத்தில் பல்டி அடித்தவர். தலைமையாசிரியர் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்கு விதிகள் எழுதியவர். மொத்தம் நாற்பத்திரண்டு விதி. ஒன்றாவது விதி, பேசக் கூடாது.

சிரிப்பு இப்போது பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. முன்சீப் பேனாவால் மேஜையைத் தட்டினார். அவர் உதடும் சரியாக நிற்கவில்லை. கடைசி பெஞ்சில் இடம் காலியாகியிருந்தது.

சங்கரபாண்டி மட்டும் சிரிக்கவில்லை. நோட்டீஸை மேஜையில் வைத்துவிட்டுக் கூண்டுக்குப் பக்கத்தில் வந்தார். இத்தனை வருஷத் தொழிலில் அவர் இந்த இடத்துக்காகத்தான் காத்திருப்பார்.

"சரி. அவர்கள் ஆறு பேருக்கும் சட்டம் தெரியாது. நீர்?"

"நான் அமீனாய்யா. நீதித்துறை அலுவலர்னு போட்டது… வீடு வீடாப் போயி சம்மன் குடுத்தவன்."

"முப்பத்தோரு வருஷம். வாய்தா அன்று வராவிட்டால் என்ன ஆகும் என்று உமக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அன்றைக்குப் பிரதிவாதிக்கு வாய்தா என்று தெரியுமா?"

"நாந்தான்யா வாசிச்சுச் சொன்னேன்."

"மணி எத்தனை என்று தெரியுமா?"

"எதுக்க கடிகாரம் இருந்துது."

"பிறகு ஏன் அழைத்து வரவில்லை?"

சண்முகையா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ பேர் பிடித்துப் பிடித்து வழவழப்பாகிவிட்ட கட்டை. அவர் அதைத் தொடுவது அதுதான் முதல் தடவை.

"எம் பேர வாசிக்கட்டும்னு இருந்தேன்யா," என்றார். "ஏழாவது பேரு. அந்தப் பொம்பள எந்திரிக்கத்தான் பாத்துது. நான் இருன்னு கை காட்டுனேன். நான் சொன்னா சரியா இருக்கும்னு உக்காந்துட்டு. இந்த ஊருல முப்பத்தோரு வருஷமா எம் பேரக் கேட்டா ஆளு ஓடும். அன்னைக்குக் கை தட்டுனாக. அதக் கேட்டுட்டு இருந்ததுலதான் இவ பேரக் கூப்பிட்டது கேக்கல."

முன்சீப் எழுதுவதை நிறுத்தியிருந்தார். சங்கரபாண்டி போய் உட்கார்ந்தார்.

கூண்டிலிருந்து இறங்கி வந்த சண்முகையா பேச்சித்தாயைத் தாண்டிப் போனார். அவள் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

உத்தரவு அடுத்த வாரம் வந்தது. அரைப்பக்கம். பிரதிவாதி வழக்கில் அக்கறையோடு இருந்திருக்கிறார். நம்பிய ஒருவர் உட்காரச் சொன்னதால் உட்கார்ந்திருக்கிறார். அது அவர் குற்றம் அல்ல. ஒருதலைத் தீர்ப்பு ரத்து. வழக்கு மறுபடி கோப்பில் எடுக்கப்படுகிறது. எழுத்து மூலம் பதில் தர அடுத்த வாய்தா செப்டம்பர் ஐந்து.

கழகத்தில் ஒரு தீர்மானம் போட்டு சண்முகையாவை நீக்கினார்கள். அதைத் தபாலில் அனுப்பினார்கள். கதவில் ஒட்ட ஆள் கிடைக்கவில்லை.

பத்திரத்தைப் பார்த்துப் பதில் மனு தயார் செய்ய அவர் பேச்சித்தாயின் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. தெருமுனையில் கால் தயங்கியது. அவளே வாசலுக்கு வந்து, "வாங்க அண்ணாச்சி, உள்ள வாங்க," என்றாள். ஒரு வீட்டுக்குள் அவரை அப்படிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. செருப்பைக் கழற்றக் குனிந்தவர், நிமிரக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

"ஒங்க மேல எனக்குக் கோவம் இருக்கு," என்றாள் அவள், தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு. "ஆனா கூண்டுல நின்னு சொன்னீகல்லா. அதுக்காண்டி ஒண்ணும் கேக்கல."

டிரங்குப் பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்துக் கொடுத்தாள். பிறகு சாமி படத்துக்கு முன்னாலிருந்து அந்தப் புத்தகத்தையும் எடுத்து வந்தாள். ஜிகினாத் தாள் பிரிக்காமல், ரிப்பன் அவிழ்க்காமல், மேலே ஒரு குங்குமப் பொட்டோடு இருந்தது.

"இதுல எழுதியிருக்கும்லா அண்ணாச்சி, அடுத்த வாய்தாவுக்கு என்ன சொல்லணும்னு? எனக்கு வாசிக்கத் தெரியாது. பிரிச்சா அசிங்கமாயிரும்னு அப்படியே வச்சிருந்தேன். நீங்க வாசிங்க."

சண்முகையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரிப்பனை அவிழ்த்தார். 'சட்டம் அறிவோம்.' பதினாறு பக்கம். முதல் பக்கத்தில் காசிராஜனின் படமும் தொழில் அனுபவமும். அது நாலாம் பக்கம் வரை ஓடியது. பிறகு ஜெயசிங். பிறகு மற்றவர்கள், வரிசையாக. பதினைந்தாம் பக்கத்தில், ஸ்டூடியோத் திரையின் அன்னங்களுக்கு முன்னால் கைகூப்பியபடி, அவரே.

பதினாறாம் பக்கத்தில் அச்சகத்தின் விலாசம் இருந்தது.